இசைந்துபோக வேண்டியவர் யார்? – தாயகம் திரும்புவோர் பற்றிய சில சிந்தனைகள்

பிரிந்து சென்றவன் திரும்பிவரும்வரை ஆற்றியிருத்தலை முல்லைத்திணையின் உரிப்பொருளாக வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. கார்காலம் வரும், தேர் வரும், தலைவன் வருவான், அத்துடன் பாட்டு முடிந்துவிடும். வந்தவன் மறுநாட் காலையில் எந்த வாசலில் நின்றான், அவனை எவர் அடையாளங் கண்டனர், அவன் விட்டுச்சென்ற நிலத்தை எவர் உழுதுகொண்டிருந்தனர் என்பனவற்றைப் பாடவேண்டிய தேவை அக்காலப் புலவருக்கு இருக்கவில்லைப் போலும். நமக்கு அத்தேவை இருக்கின்றது. 1983 ஆம் ஆண்டின் பின்னர் இந்நாட்டை விட்டு வெளியேறிய தமிழரின் தொகை இலட்சக்கணக்கானது. அவர்களுள் ஒரு பகுதியினர் திரும்பியுள்ளனர்; இன்னுமொரு பகுதியினர் திரும்புவதற்கு எண்ணுகின்றனர். இவ்வாறு திரும்புவோர் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மிடையே ஒரு வாய்பாடு தவறாது ஒலிக்கின்றது: "நீண்டகாலம் வெளியில் இருந்தவர்கள், இங்குள்ள வாழ்க்கைக்குத் தங்களை மீண்டும் இசைவாக்கிக்கொள்ள வேண்டும்."

கேட்பதற்கு இது நியாயமான ஆலோசனைபோலவே தோன்றும். ஆயினும் இவ்வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும். இசையவேண்டியவர் வந்தவர், வரவேற்கும் வீட்டுக்கோ, பாடசாலைக்கோ, அலுவலகத்துக்கோ இவ்வாக்கியத்தில் ஒரு வினையும் இல்லை. மீளிசைவு என்பது திரும்பியவருடைய மனத்தில் நடைபெறவேண்டிய ஒரு தனிப்பட்ட காரியம் என்ற இக்கருத்து அடிப்படையிலேயே தவறானது என்பதும், இசையவேண்டிய கடமையின் பெரும்பகுதி திரும்பியவரை ஏற்கும் சமூகத்துக்கும் அதன் நிறுவனங்களுக்குமே உரியது என்பதும் இக்கட்டுரை வற்புறுத்தும் கருத்துகளாகும்.

முதலில், மேற்சொன்ன ஆலோசனை எவருடைய அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதைக் காண்போம். தும்முல்லைச் சந்தியிலிருந்து பாமன்கடைப் பக்கமாக நீளும் ஹெவ்லொக் வீதி, 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராயிருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கியது. ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் தொடர்மாடிகள் வானளாவி நிற்கின்றன. ஹெவ்லொக் டவுனின் ஒழுங்கைகளிலும், அதனை அடுத்துக் கடற்கரை வரை பரந்துள்ள வெள்ளவத்தையிலும் இலண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் திரும்பிய குடும்பங்கள் சில வாழ்கின்றன. வெக்கை தாங்க முடியவில்லை, வாகனங்களின் ஒலி உறங்கவிடுவதில்லை, வரிசையில் எவரும் நிற்பதில்லை, குறித்த நேரத்துக்கு எவரும் வருவதில்லை என்பன இவர்களது முறைப்பாடுகள். நாமும் அவற்றைப் பரிவோடு செவிமடுக்கின்றோம். "பாவம், பழகுவதற்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்" என்கின்றோம். அவர்களது பிள்ளைகள் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும்போது அதனை அழகென்று இரசிக்கின்றோம்.

இம்முறைப்பாடுகள் பொய்யானவை அல்ல. முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் குளிருக்கும் ஒழுங்குக்கும் பழகிய உடல் இன்னொரு நாட்டின் வெயிலில் தவிப்பது இயல்பே. ஆனால் இவர்களுக்கு இங்கு இருக்க வீடு உண்டு; மனம் ஒவ்வாதவிடத்துத் திரும்பிச் செல்ல இன்னொரு கடவுச்சீட்டும் உண்டு. இவர்களைப் பொறுத்தவரை மீளிசைவு என்பது உண்மையிலேயே மனத்தின் காரியந்தான். தவறு எங்கே நிகழ்கின்றதெனில், இச்சிறு கூட்டத்தினரின் அனுபவத்தையே தாயகம் திரும்புதலின் முழுப்பொருளாகக் கொண்டு, அதிலிருந்து பெற்ற ஆலோசனையை எல்லாருக்கும் வழங்குமிடத்திலேயே நிகழ்கின்றது.

ஏனெனில் பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வரும் இன்னொரு திரும்புகையும் உண்டு. இந்திய உள்துறை அமைச்சின் கணக்கின்படி, 1983 யூலை தொடக்கம் 2012 ஓகத்து வரை தமிழ்நாட்டுக்கு அகதிகளாகச் சென்ற இலங்கையரின் தொகை 3,04,269. இவர்களுள் 99,469 பேர் 1995 மார்ச் வரை அரசாங்க ஏற்பாட்டிலே திருப்பி அனுப்பப்பட்டனர். அதன் பின்னர் அத்தகைய ஏற்பாடு நிறுத்தப்பட்டுவிட, ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகத்தின் உதவியுடனும் தம் சொந்த முயற்சியாலும் மேலும் பலர் வந்துசேர்ந்தனர். அண்மைக்காலக் கணக்குகளின்படி ஏறத்தாழ 90,000 பேர் இன்னும் அங்கே இருக்கின்றனர். இவர்களுட் பெரும்பாலானோர் வாழ்வது நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில். 2021 இல் அம்முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனத் தமிழ்நாட்டு அரசு பெயர்மாற்றம் செய்து, 317 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட நலத்திட்டங்களையும் அறிவித்தது. அம்முகாம்களிற் பிறந்து, அங்கேயே பாடசாலை சென்று, அங்கேயே மணம் முடித்த ஒரு தலைமுறை இப்பொழுது முப்பது வயதைக் கடந்துவிட்டது. அத்தலைமுறையினருக்குத் 'தாயகம் திரும்புதல்' என்பது தாம் ஒருபோதும் கண்டிராத ஊருக்கு முதன்முறையாகச் செல்லுதலாகும்.

இத்தகைய திரும்புகை நமது வரலாற்றிற் புதியதன்று. மண்டபம் முகாமின் கதையே இதற்குச் சான்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த தமிழகத்துத் தொழிலாளரைத் தடுத்துவைத்து, நோய்ச்சோதனை செய்து அனுப்புவதற்காகப் பிரித்தானியர் காலத்தில் நடத்தப்பட்டது அது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின் பின்னர், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் தங்கிச்செல்லும் இடமாக அது பயன்பட்டது. 1983 இன் பின்னர் இலங்கை அகதிகளின் முகாமாயிற்று. ஒரே முகாம், ஒரே கடல். போவோரும் வருவோரும் மாத்திரமே மாறினர். நாடற்றோராயிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964 இல் இரு பிரதமர்கள் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974 இல் முடிவாயிற்று. அம்மக்களுட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பதாகும்! நீலகிரியிலும் கூடலூரிலும் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்ட அவர்களை அயலார் அழைத்த பெயரோ 'சிலோன்காரர்'. அரசாங்கம் 'திரும்பியவர்' என்றது; ஊர் 'வந்தேறி' என்றது. அவர்களது பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்பெயர் முற்றாக மறையவில்லை. அவர்கள் இசைந்துபோகவில்லை என்று எவராவது கூறத் துணிவாரா? காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் அவர்கள். இசையாதது ஊரேயாகும்.

இனி, நம் நாட்டின் சட்டத்தை நோக்குவோம். பிறநாட்டுப் பிரசாவுரிமை பெற்றதனால் இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர் அதனை மீளப்பெறுவதற்கு 1987 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழிவகுத்தது. இடையிலே 2011 இல் நிறுத்தப்பட்ட அந்நடைமுறை 2015 இல் மீண்டும் தொடங்கிற்று. வயது, தொழிற்றகைமை, சொத்து, வங்கிவைப்பு என்பவற்றுள் ஏதேனுமொன்றைக் காட்டி இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இது தவறென்று நாம் கூறவில்லை. ஆனால் இலங்கைப் பிரசாவுரிமையை ஒருபோதும் துறக்காத ஒரு மீனவனுக்குத் தமிழ்நாட்டு முகாமொன்றிற் பிறந்த பிள்ளையின் நிலை என்ன? வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதியப்பட்டாலன்றி வம்சாவழிப் பிரசாவுரிமை கைகூடாது. அதற்குத் தந்தையின் அல்லது தாயின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழோ ஓடிவந்த இரவில் எரிந்த வீட்டோடு எரிந்திருக்கும். அல்லது அதனை வைத்திருந்த பதிவகமே எரிந்திருக்கும். வங்கியிற் பணமுள்ளவனிடம் அவனது பணத்தின் சான்றையும், ஒன்றுமில்லாதவனிடம் அவனது பாட்டனின் சான்றையும் கேட்கும் நடைமுறை இது. பின்னதைத் தேடிக் கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கச்சேரிக்கும் அலையும் மனிதனிடம் "இசைவாக்கிக்கொள்" என்று கூறுவது எத்துணைக் கொடிய பரிகாசம்!

பரிகாசம் என்பதும் மென்மையான சொல்லே. 2025 மே மாதத்தில், அகதிகள் உயர் ஆணையகத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒரு முதியவர் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம், பல ஆண்டுகளுக்கு முன்னர் உரிய ஆவணங்களின்றி நாட்டைவிட்டு வெளியேறியமை என்பதாகும். குண்டுவீச்சுக்கு அஞ்சி நள்ளிரவில் வள்ளம் ஏறியவன் குடியகல்வுக் கருமபீடத்தில் முத்திரை பெற்றுச் சென்றிருக்க வேண்டுமென எதிர்பார்க்கும் சட்டத்தை என்னென்பது? கண்டனங்கள் எழுந்த பின்னரே இந்நடைமுறை மாற்றப்படும் என அரசாங்கத் தரப்பிற் கூறப்பட்டது. அசோகவனத்திலிருந்து மீண்ட சீதையை, பிறர் மண்ணில் இருந்தாள் என்ற ஒரே காரணத்துக்காக ஐயுற்றுக் காட்டுக்கு அனுப்பிய அயோத்தியின் கதையை உத்தரகாண்டத்திற் படித்து நாம் கண்ணீர் உகுப்பதுண்டு. பலாலியில் நின்ற கிழவருக்காகக் கண்ணீர் உகுத்தவர் நம்முள் எத்தனை பேர்?

நிலத்தின் கதையும் இத்தகையதே. பிறரொருவரின் காணியைப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமைகோரலாம் என்பது இந்நாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வழங்கிவரும் சட்டம். போரினால் ஓடியவரின் காணிகளுக்கும் இவ்விதியே பொருந்துமாயின் விளையும் அநீதியை உணர்ந்து, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையிலான காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விடுவதற்கு 2016 இல் ஒரு விசேட சட்டம் நிறைவேற்றப்பட்டது. நல்ல சட்டம், ஆனால் அதன் பயனைப் பெற இரண்டு ஆண்டுகளே அவகாசம் கொடுக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுக் காலத்து இழப்பைச் சீர்செய்ய இரண்டு ஆண்டுகள்! 2018 இன் பின்னர்த் திரும்பியவரும், திருச்சி கொட்டப்பட்டு முகாமிலும் கும்மிடிப்பூண்டி முகாமிலும் இருந்தவாறு இச்சட்டத்தின் பெயரையே கேள்வியுறாதவரும் என் செய்வர்? சட்டமும் தன் கதவைத் திறந்துவைத்திருந்த காலத்தை வருவோரின் நடைக்கேற்ப வகுக்கவில்லை.

சட்டத்தையும் அரசாங்கத்தையும் குறைகூறுவது எளிது. நம்மவர் பலர் அத்துடன் தம் கடமை முடிந்ததெனக் கருதுவர். ஆகவே நமது கையிலேயே உள்ள ஒரு துறைக்கு, அதாவது கல்விக்கும் மொழிக்கும், வருவோம்.

தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒரு பிள்ளை இங்குத் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றிற் சேர்கின்றது எனக் கொள்வோம். தமிழ்ப் பிள்ளை, தமிழ்ப் பாடசாலை. ஆதலாற் சிக்கல் ஒன்றுமில்லை என்றே எவரும் எண்ணுவர். வெள்ளவத்தையில் மாலைநேரங்களிற் சில பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. அவர்களுள் ஒருவன் திருச்சிப் பக்கத்து முகாமொன்றில் எட்டாம் வகுப்புவரை கற்று வந்தவன், கணக்கிற் கெட்டிக்காரன். அவனது விஞ்ஞான விடைத்தாளில் 'முடுக்கம்' என அவன் எழுதிய சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு இடப்பட்டிருந்தது. இங்கு அது 'ஆர்முடுகல்'. அவன் கற்ற இயற்பியல் இங்குப் பௌதிகவியல்; வேதியியல் இரசாயனவியல்; இயற்கணிதம் அட்சரகணிதம்; வடிவியல் கேத்திரகணிதம். எலக்ட்ரான் என்றால் ஆசிரியர் சிரிக்கின்றார். இலத்திரன் என்றால் அவன் விழிக்கின்றான். ஆக்சிஜன் ஒட்சிசனாகி, ஹைட்ரஜன் ஐதரசனாகி, கார்பன் காபனாகிவிடுகின்றன. அவனுக்குப் பௌதிகமும் தெரியும், தமிழும் தெரியும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நமது பாடநூல் மாத்திரம் அவனுக்கு அந்நியமாகின்றது.

இதற்கு மேலும் உண்டு. முதலாந் தரத்திலிருந்து சமயம் இங்கு ஒரு பாடம், க.பொ.த. சாதாரண தரத்தில் அது கட்டாய பாடமுமாகும். தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் அப்பாடமே இல்லை. வரலாறு இங்குக் கட்டாயம். சோழரையும் பாண்டியரையும் கற்று வந்த பிள்ளை அனுராதபுரத்து மன்னர் வரிசையை ஓராண்டிற் கற்றாக வேண்டும். இரண்டாம் மொழியாகிய சிங்களத்தின் ஓரெழுத்தும் அதற்குத் தெரியாது. கொழும்பில் வாழ்வதாயின் அம்மொழியின்றிப் பேருந்திலும் ஏற முடியாது. பல்கலைக்கழக அனுமதியோ நமது உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியை அடிப்படையாகக் கொண்டது. பிறநாட்டுத் தகைமையுடையோருக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் மிகச் சில. தமிழ்நாட்டிற் பன்னிரண்டாம் வகுப்பிற் சித்தியெய்திய முகாம் மாணவி ஒருத்தி அச்சில இடங்களுக்காக, சர்வதேசப் பாடசாலைகளிற் பயின்ற வசதிபடைத்தோர் வீட்டுப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டியவளாகின்றாள். இத்தனைக்கும் பின்னர் அவள் பின்தங்கினால், "அவளாற் பழக முடியவில்லை" என்று எழுதி முடித்துவிடுகின்றோம்.

தமிழ்க் கலைச்சொற்கள் இரு கரைகளிலும் இவ்வாறு பிரிந்துபோனமை விதியன்று. 1930களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியிற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் முன்னின்று உழைத்தார். அன்று ஈழத்தவர் ஒருவர் தமிழகத்துக்குச் சொற்களை ஆக்கிக்கொடுக்க முடிந்தது. 1950களிலும் 1960களிலும் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் நம் நாட்டில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிப்பதற்கு வழிசெய்தன. அவை நமது பெருமைக்குரியவை. ஆர்முடுகலும் அழகிய சொல், முடுக்கமும் அழகிய சொல். ஆயின், ஒரு சொல்லின்மேற் கொண்ட பெருமை ஒரு பிள்ளையின் புள்ளியைப் பறிக்குமாயின், அப்பெருமை எவருக்கு?

பாடநூலைவிடக் கொடியது நமது நாக்கு. முகாமில் வளர்ந்த பிள்ளை 'ஸ்கூலுக்குப் போறேன்' என்று தமிழ்நாட்டுப் பேச்சிற் கூறினால் வகுப்பறை முழுவதும் சிரிக்கின்றது. 'இந்தியாக்காரன்' என்று பட்டம் வைக்கின்றது. அப்பிள்ளையின் தாயோ அங்கிருந்த காலம் முழுவதும் 'சிலோன்காரி' என அழைக்கப்பட்டவள். ஆங்கிலம் கலந்த தமிழைத் தொடர்மாடிகளில் இரசிக்கும் நாமே, தமிழ் கலந்த தமிழைக் கண்டு நகைக்கின்றோம். இரண்டிலும் நாம் அளப்பது மொழியையன்று, பின்னாலிருக்கும் பணத்தையே.

இங்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். "போரின்போது அவர்கள் ஓடிவிட்டார்கள், நாங்கள் இருந்து அனுபவித்தோம். செல்லடியையும் பொருளாதாரத் தடையையும் தாங்கினோம். இப்பொழுது வந்து பங்கு கேட்கின்றார்கள்." இம்மறுப்பை வெறும் பொறாமையென ஒதுக்குதல் தகாது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களின், பதுங்குகுழியிற் பிள்ளை பெற்றவர்களின் வேதனையிலிருந்து எழுவது அது. ஆனால் அதற்கு விடைகள் இரண்டு உண்டு. முதலாவது, இருந்தவரும் போனவரும் தத்தம் தெரிவினாலே அவ்வாறு செய்தனர் எனக் கொள்வது வரலாற்றுக்கு முரணானது. 1987 யூலையில் இலங்கை–இந்திய ஒப்பந்தம் ஏற்பட்டதும் தமிழ்நாட்டிலிருந்து பல்லாயிரவர் திரும்பினர். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டதும் அவர்களுட் பலர் மீண்டும் கடல்கடந்தனர். 1992 இலிருந்து மீண்டும் அனுப்பப்பட்டனர். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் மூழ்கியபோது மன்னாரிலிருந்து தனுஷ்கோடி மணல்திட்டுகளிற் போய் இறங்கினோருள், முன்னர் ஒருமுறை முகாமிலிருந்து நாடு திரும்பியோரும் இருந்தனர். இவர்களை ஓடியவர் என்பதா, திரும்பியவர் என்பதா? அலைக்கழிந்தவர் என்பதே பொருந்தும். இரண்டாவது விடை இன்னும் எளிது: ஓடிப்போன குற்றத்தை இலண்டனுக்குப் போனவர்மீது நாம் சுமத்துவதில்லை. அவருக்குக் கோயில் திருவிழாவிற் பொன்னாடை போர்த்துகின்றோம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவிற் பிரதம விருந்தினராக அமர்த்துகின்றோம். அவரது மகனுக்குப் பெண் கொடுக்க முந்துகின்றோம். குற்றம் ஓடியதில் இருந்திருப்பின் தொலைதூரம் ஓடியவரே பெருங்குற்றவாளியாதல் வேண்டும். பவுணாக மாறிய ஓட்டத்தை மன்னித்து, வெறுங்கையோடு திரும்பிய ஓட்டத்தைத் தண்டிப்பது நீதியாகாது.

வேறொரு மறுப்பும் உண்டு. "எங்குச் சென்றாலும் மனிதன் இசைந்துதானே வாழ வேண்டும்? வருகின்ற ஒவ்வொருவருக்காகவும் ஒரு சமூகம் தன்னை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?" என்பர். வெயிலுக்கும் கூட்டத்துக்கும் உணவுக்கும் அயலவரின் இயல்புக்கும் இசைவது வந்தவரின் பொறுப்பே. அதை அவர்கள் செய்யாமலுமில்லை. முகாமின் பத்தடி அறையில் ஒரு குடும்பத்தை வளர்த்தெடுத்தவர்களுக்கு இசைந்துபோதல் பற்றிப் போதிக்கும் தகுதி நம்முள் எவருக்கும் இல்லை. ஆனால் இல்லாத சான்றிதழுக்கு ஒருவர் எவ்வாறு இசைவது? முடிந்துபோன இரண்டாண்டு அவகாசத்துக்கு எவ்வாறு இசைவது? தன் சரியான விடைக்குக் கீழே இடப்பட்ட சிவப்புக் கோட்டுக்குப் பதின்மூன்று வயதுச் சிறுவன் எவ்வாறு இசைவது? இவற்றுக்கு இசைதல் என்பதன் பொருள் ஒதுங்கிப்போதல் என்பதே.

கொழும்புத் தமிழராகிய நாம் இதனை எளிதில் மறக்கின்றமை வியப்புக்குரியது. 1983 யூலையில் இதே ஒழுங்கைகளில் வீடுகள் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாயிருந்தனர். 'லங்கா கல்யாணி' என்னும் கப்பலில் வடக்கே அனுப்பப்பட்டோருள், காங்கேசன்துறையை அதற்கு முன்னர் காணாத கொழும்புப் பிள்ளைகளும் இருந்தனர். 'உங்கள் ஊருக்குப் போங்கள்' என்று நமக்குச் சொல்லப்பட்டது. 2007 யூன் 7 இல் வெள்ளவத்தை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர்; மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. உங்கள் வீடு எதுவென்பதை நாங்கள் தீர்மானிப்போம் என்று அதிகாரம் கூறும்போது எத்தகைய அவமானம் உண்டாகும் என்பதை நம் பெற்றோர் அறிவர். 1983 இன் பின்னர் இவ்வொழுங்கைகளுக்குத் திரும்பியவர்கள் தம் மனத்தை இசைவாக்கியா திரும்பினர்? தலைக்குமேற் கூரையும், போய்ச்சேர ஒரு வேலையும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும், கதவைத் தட்டி நலம் விசாரித்த ஓர் அயலவரும் கிடைத்தமையினாலேயே திரும்பினர். இவை கிடைக்காதோர் கப்பலேறினர்.

இன்னும் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்த அவர்கள் போரின் பின்னர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியபோது, "இத்தனை காலமும் எங்கே இருந்தீர்கள்? இப்பொழுது எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டவர்கள் நம்மவர்களேயாவர். திரும்புவோரை ஐயுறும் நோய் சிங்களப் பேரினவாதத்துக்கு மாத்திரம் உரியதன்று. நாம் வீட்டுக்காரராய் நின்ற இடத்தில் நமது கதவும் அத்துணை அகலத் திறக்கவில்லை.

ஆகவே செய்யவேண்டியது யாது? பலாலியில் நிகழ்ந்ததுபோன்ற கைதுகள் இனி நிகழாவண்ணம், போர்க்காலத்தில் ஓடியவரைக் குடியகல்வுச் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்கும் ஏற்பாடு வெறும் வாக்குறுதியாயிராது சட்டமாகவே எழுதப்படல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் காணிச் சட்டம், திரும்பிவரும் நாளிலிருந்து அவகாசம் கணிக்கப்படும் முறையில் மீண்டும் கொண்டுவரப்படல் வேண்டும். முகாம்களிற் பிறந்தோரின் பதிவுக்கு, எரிந்த ஆவணங்களைக் கேளாது, முகாம்களிலே பேணப்பட்ட பதிவுகளைச் சான்றாக ஏற்றல் வேண்டும். நாடு திரும்பிய அகதி மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதியிற் தனியானதோர் ஒதுக்கீடு வேண்டும். இவற்றைக் கேட்பதற்குப் பாராளுமன்றத்தில் நமது பிரதிநிதிகள் இருக்கின்றனர். கேட்கவைப்பது நம் கடமை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்று எவரது அனுமதியையும் வேண்டாது செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஆறாந் தரத்திலிருந்து பதினோராந் தரம் வரையிலான விஞ்ஞான, கணித பாடங்களில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் சொற்களை நேருக்கு நேர் நிறுத்தும் ஒரு சிறு கைந்நூலை நாம் தொகுத்தல் கூடும். கலைப்பீடத்தாருக்குத் தமிழ் தெரியும்; விஞ்ஞான பீடத்து நண்பர்களுக்குப் பாடம் தெரியும்; ஒரு தவணை விடுமுறை போதும். மன்னார், வவுனியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்களின் பாடசாலைகளுக்கு அதனை அனுப்புவோம். அதன் முகவுரை ஆசிரியர்களை நோக்கி எழுதப்படட்டும்: 'முடுக்கம்' என்று எழுதிய பிள்ளைக்கும் முழுப்புள்ளி வழங்குக என்று. முத்தமிழ் விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அடுத்த ஆண்டு மலரில் இக்கைந்நூல் வெளிவந்த செய்தியை எழுதும் வாய்ப்பு நம்முள் ஒருவருக்குக் கிடைக்குமாயின், 'இசைந்துபோதல்' என்ற சொல்லை நாம் முதன்முறையாகச் சரியான எழுவாயோடு எழுதியவர்களாவோம்.